பேர்ட் டு கேர்ட் சைக்கிள் பாதை: ஓதம் பார்த்துக் கிளம்பும் ஒரு நாள்

அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி, கார் எடுத்து, சூவர்ட் நெடுஞ்சாலையில் தெற்கே போகிறவர்கள் எல்லாரும் இடது பக்கம் மலை, வலது பக்கம் கடல் என்று வாயைப் பிளந்துகொண்டே போவார்கள், நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்திப் படம் எடுப்பார்கள், அதோடு சரி. அதே மலைக்கும் அதே கடலுக்கும் நடுவே தார் போட்ட சைக்கிள் பாதை ஒன்று ஓடுவதைப் பலர் கவனிப்பதே இல்லை. இந்தியன் என்ற சிற்றூரில் (ஆமாம், ஊர் பெயரே அதுதான், நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை) தொடங்கி, பேர்ட் க்ரீக், பேர்ட் பாயின்ட் வழியாக கேர்ட்வுட் வரை சுமார் 13 மைல், அதாவது 21 கிலோமீட்டர். பேர்டிலிருந்து கேர்ட்வுட் என்பதால் உள்ளூரில் இதைச் சுருக்கமாக 'பேர்ட் டு கேர்ட்' என்கிறார்கள்.

21 கிலோமீட்டர் ஒன்றும் பெரிய தூரமில்லை, கொஞ்சம் பழகிய யாரும் ஓட்டிவிடலாம். ஆனால் இந்தப் பாதையை ஓட்டுவதற்குக் கால் பலத்தைவிடக் கடிகாரம் முக்கியம். நான் முதல் தடவை போனபோது எதையும் பார்க்காமல், எட்டு மணிக்குத் தூங்கி எழுந்து, சாப்பிட்டு, நிதானமாகப் போய்ச் சேர்ந்தேன். கடல் இருக்கவேண்டிய இடத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் நிறச் சேறு. தண்ணீர் எங்கோ நடுவில் ஒரு கோடாகத் தெரிந்தது. போதாக்குறைக்கு எதிர்காற்று. இரண்டாம் தடவை ஓத அட்டவணையை, அதாவது கடல் நீர் ஏறி வற்றும் நேரப் பட்டியலை, பார்த்துவிட்டுப் போனேன், அதே பாதை, ஆனால் வேறு ஊர் மாதிரி இருந்தது. ஆகவே இந்த வழிகாட்டி சைக்கிளில் தொடங்காது, கடலில் தொடங்கும்.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

மே நடுவிலிருந்து செப்டம்பர் வரைதான் இந்தப் பாதைக்கு நல்ல காலம். அதற்கு முன்னால் போகவேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் குளிர் இல்லை, பனிச்சரிவு. பாதைக்கு நேர் மேலே செங்குத்தான மலைச்சரிவுகள், குளிர்காலம் முழுக்க அங்கே பனி சேர்ந்து, வசந்தத்தில் வெயில் பட்டதும் மொத்தமாக இறங்கும். பாதையில் வெயில் அடிக்கிறதே என்று கீழே நின்று கணக்குப் போடக்கூடாது, மேலே இன்னும் பனி தொங்கிக்கொண்டிருக்கலாம். மே தொடக்கத்தில்கூடச் சில இடங்களில் சரிந்து விழுந்த பனி பாதையை அடைத்துக்கொண்டு கிடக்கும். மூடியிருக்கிறது என்று பலகை வைத்திருந்தால் திரும்பிவிடுங்கள், ஒதுங்கிப் போகலாமா என்று யோசிக்கவே வேண்டாம்.

ஜூனில் வெளிச்சத்துக்குக் குறைவே இல்லை. 21ஆம் தேதி வாக்கில் சூரியன் 19 மணி நேரத்துக்கு மேல் அடிவானத்துக்கு மேலேயே இருக்கும், மாலை ஆறு மணிக்குக் கிளம்பினாலும் வெளிச்சத்திலேயே திரும்பலாம். ஜூலையில் ஃபயர்வீட் என்கிற செடி பாதையோரம் முழுக்க ஊதாவும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும். என் ஓட்டு ஆகஸ்ட் பிற்பாதிக்குத்தான். மழை கூடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்போதுதான் சால்மன் மீன்கள் ஆறுகளுக்கு வருகின்றன, அவற்றைத் துரத்திக்கொண்டு பெலூகா என்கிற வெள்ளைத் திமிங்கலங்கள் உள்ளே வருகின்றன, மாதக் கடைசியில்கூட 14 மணி நேர வெளிச்சம் இருக்கிறது. ஆனால் கரடிகளும் அதே சால்மனுக்காகத்தான் வரும், அதைப் பிறகு பேசுவோம்.

அப்புறம் ஓத அட்டவணை, இதைத் தள்ளிப்போடாதீர்கள்

பாதை ஒட்டி ஓடுவது திறந்த கடல் இல்லை, டர்னகெய்ன் ஆர்ம் என்கிற நீண்ட, ஒடுங்கிய, ஆழமில்லாத கடல் கிளை. 1778இல் ஜேம்ஸ் குக் வடமேற்கு வழி தேடி இந்தப் பக்கம் வந்தபோது, வழி இல்லை, மறுபடியும் திரும்பு என்றாகிவிட்டது, அந்த எரிச்சலே பெயராக ஒட்டிக்கொண்டது. அவரோடு வந்த கப்பல் வழிகாட்டி வில்லியம் ப்ளை, பின்னாளில் பௌன்ட்டி கப்பல் கலகத்தில் சிக்கிய அதே ஆள்.

இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே நீர்மட்டம் சராசரியாக 8 மீட்டர் மாறும், பௌர்ணமி அமாவாசையை ஒட்டிய பெரிய நாட்களில் 11, 12 மீட்டரைத் தொடும். நாலு மாடிக் கட்டிட உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு தண்ணீரும் ஒரு ஒடுங்கிய வாய்க்குள் ஆறே மணி நேரத்தில் புகவேண்டும், உள்ளேயோ இன்னும் வடிந்து முடியாத தண்ணீர் எதிரே வந்துகொண்டிருக்கும். இரண்டும் மோதுகிற இடத்தில் ஏறிவரும் ஓதம் ஒரு சுவர் மாதிரி எழுந்து, சேற்றுப்பரப்பின் மேல் உருண்டு வரும். இதற்கு 'போர் டைடு' என்று பெயர். பெயர்தான் போர், பார்த்தால் அடிக்காது. சாதாரண நாளில் முழங்கால் உயரத்துக்கு நுரைத்துக்கொண்டு வரும், பெரிய நாளில் 6 அடி, எப்போதாவது 10 அடி. அதன்மேல் அலைச்சறுக்கு ஆடவே ஆட்கள் குளிர் தாங்கும் ரப்பர் உடை போட்டுக்கொண்டு வந்து காத்திருப்பார்கள்.

கணக்கு எளிது. அமெரிக்கக் கடல், வளிமண்டல நிறுவனமான நோவா வெளியிடும் அட்டவணையில் ஆங்கரேஜுக்கு வற்றம் எத்தனை மணிக்கு என்று பாருங்கள். அதோடு ஒன்றேகால் மணி நேரம் கூட்டினால் பெலூகா பாயின்ட், சுமார் இரண்டேகால் மணி நேரம் கூட்டினால் பேர்ட் பாயின்ட். நமக்கு வேண்டியது இரண்டாவது, ஏனென்றால் பெலூகா பாயின்ட் நம் பாதை தொடங்கும் முன்பே நெடுஞ்சாலையில் வந்துவிடுகிறது. நேரத்தோடு உயரத்தையும் பாருங்கள், வற்றத்தின் உயரம் பூஜ்யத்துக்குக் கீழே, கழித்தல் குறியோடு இருந்தால் அன்றைக்கு நல்ல போர் வர வாய்ப்பு அதிகம். காற்று அதை முன்னேயும் தள்ளும் பின்னேயும் தள்ளும் என்பதால் அரை மணி நேரம் முன்னாலேயே போய் உட்கார்ந்துவிடுங்கள்.

எடுத்துக்காட்டாக, ஆங்கரேஜில் வற்றம் காலை 8:00 மணி என்றால் பேர்ட் பாயின்டில் போர் 10:15க்கு. இந்தியனிலிருந்து பேர்ட் பாயின்ட் ஏறக்குறைய பாதி தூரம், பத்தரை கிலோமீட்டர். நின்று நின்று போனாலும் ஒரு மணி நேரம் போதும். எனவே 8:40க்கு மிதிக்கத் தொடங்கினால் 9:45க்குப் போய்ச் சேரலாம். போர் போன பிறகு நீங்கள் கேர்ட்வுட் நோக்கிக் கிளம்ப, உங்களோடு தண்ணீரும் ஏறிக்கொண்டே வரும். திரும்பி வரும்போது காலையில் சேறாகக் கிடந்த இடமெல்லாம் விளிம்பு வரை நிறைந்திருக்கும். இந்த வரிசையில் போனால் ஒரே நாளில் இரண்டு கடலையும் பார்த்துவிடலாம், அதற்காகத்தான் இத்தனை கணக்கு.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை

டர்னகெய்ன் ஆர்மின் கோடியில் போர்ட்டேஜ் பக்கம் மலைத்தொடரில் ஒரு தாழ்வான இடைவெளி இருக்கிறது, அதற்கு அந்தப் பக்கம் ப்ரின்ஸ் வில்லியம் சௌண்ட். மழை மேகம் நெருங்கும் நாட்களில் இரண்டு பக்கமும் காற்றழுத்தம் வேறாகிவிட, அந்தச் சந்து வழியாகத் தென்கிழக்கிலிருந்து காற்று பீய்ச்சி அடிக்கும். இந்தியனிலிருந்து கேர்ட்வுட் போவது என்றால் அந்தக் காற்றுக்கு நேர் முகம் காட்டிப் போவது. கேட்கவே கஷ்டமாக இருந்தாலும் இது நல்ல ஏற்பாடுதான், காலையில் தெம்பு இருக்கும்போது எதிர்காற்றை முடித்துவிட்டு, களைத்துத் திரும்பும்போது முதுகில் தள்ளலை வாங்கிக்கொள்ளலாம். இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுக் கடைசி பத்து கிலோமீட்டரை நடை வேகத்தில் உருட்டிய அனுபவம் எனக்கு உண்டு. வெயில் நாட்களில் காற்று திசை மாறி மேற்கிலிருந்து வருவதும் உண்டு, எனவே கிளம்பும் காலையில் கேர்ட்வுட், போர்ட்டேஜ் இரண்டுக்குமான காற்று முன்னறிவிப்பைப் பாருங்கள். ஆங்கரேஜுக்கான முன்னறிவிப்பை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், ஆங்கரேஜில் வெயில் காயும் நாளில் கேர்ட்வுட்டில் மழை கொட்டுவது சகஜம், அது மழைக்காட்டுப் பகுதி.

என்ன சைக்கிள், என்ன மூட்டை

தார் பாதை என்பதால் ஹைப்ரிட் சைக்கிள் போதும். மலைச் சைக்கிள் கொண்டுவந்தால் கெட்டுப்போகாது, சும்மா கனம். மெல்லிய டயர் பந்தய சைக்கிளிலும் ஓட்டலாம், ஆனால் உறைபனி தாரைத் தூக்கிவிட்ட மேடுகளும் வெடிப்புகளும் ஆங்காங்கே இருக்கின்றன, மரவேர் தள்ளிய இடங்களும் உண்டு, வேகமாக இறங்கும்போது கைக்குப் பளார் என்று கிடைக்கும். இதைவிட முக்கியம் பிரேக். கடலோரம் என்றதும் சமதளம் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். கடல் கீழே இருக்கிறது, பாதை மலையின் இடுப்பில் ஏறி ஏறி இறங்குகிறது. ஈரத்தில் இறக்கம் என்றால் பிரேக் கட்டை தேய்ந்த சைக்கிள் ஆபத்து. வாடகை சைக்கிள் எடுப்பவர்கள் கடை வாசலிலேயே இரண்டு பிரேக்கையும் அழுத்தி, கியரை எல்லாப் பல்லுக்கும் மாற்றிப் பார்த்துவிட்டு எடுங்கள். எனக்கு ஒரு தடவை சின்ன கியர் விழாத சைக்கிள் வந்தது, அன்றைக்கு ஏற்றத்துக்கெல்லாம் இறங்கித் தள்ளினேன்.

மாற்று டியூப், டயர் நெம்புகோல், பம்பு இந்த மூன்றும் கட்டாயம், வழியில் பஞ்சர் கடை எதுவும் கிடையாது. உடைக்கு அடுக்கு அடுக்காக மூன்று: உள்ளே வியர்வை உறிஞ்சும் சட்டை, நடுவில் கம்பளி மாதிரி ஒன்று, மேலே காற்றும் மழையும் புகாத மேலாடை. கோடையிலும் பகல் வெப்பம் பெரும்பாலும் 13லிருந்து 18 டிகிரிதான், வியர்த்த உடம்போடு பேர்ட் பாயின்டில் அரை மணி நேரம் காற்றில் உட்கார்ந்தால் பல் கிட்டிவிடும். முழுவிரல் கையுறை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குறைந்தது இரண்டு பாட்டில். கைப்பேசி சிக்னல் மலை மறைக்கும் இடங்களில் போய்விடும், ஓத நேரங்களை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது பழைய முறைதான், ஆனால் பேட்டரி தீராது.

கரடி, மூஸ், ஒரு செடி

சைக்கிள்காரர்களுக்குக் கரடி ஆபத்து நடப்பவர்களைவிட ஒரு வகையில் கூடுதல், ஏனென்றால் நாம் சத்தமில்லாமல் வேகமாக வருகிறோம். கரடிக்கு நம்மைத் தாக்கவேண்டும் என்று ஆசையில்லை, திடுக்கிட்டால்தான் பிரச்சினை. எனவே வளைவு வரும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்து, சத்தமாகப் பேசுங்கள், பாடுங்கள், "ஏய் கரடி, வர்றோம்!" என்று கத்துங்கள், வெட்கப்படவேண்டாம், அங்கே எல்லாரும் அப்படித்தான் கத்துகிறார்கள். சின்ன மணியின் கிணுகிணு போதாது. காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஓட்டவே கூடாது.

கரடி ஸ்ப்ரே (கரடியை விரட்டப் பீய்ச்சும் மிளகாய்க் கார மருந்து) ஒன்று உடம்பில் இருக்கவேண்டும். சைக்கிள் பைக்குள் இல்லை, உடம்பில், இடுப்புப் பட்டையிலோ மார்புப் பட்டையிலோ. கீழே விழுந்தால் நீங்கள் ஒரு பக்கம் சைக்கிள் ஒரு பக்கம் என்று போய்விடும், அப்போது பை பயன்படாது. இதை விமானத்தில் எந்தப் பெட்டியிலும் கொண்டுபோக முடியாது, ஆங்கரேஜில் இறங்கிய பிறகுதான் வாங்கவேண்டும். கரடியைக் கண்டால் மிதித்துத் தப்பிக்க நினைக்காதீர்கள், ஓடுவதைத் துரத்துவது அதன் சுபாவம். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேசியபடி பின்வாங்குங்கள். ஸ்ப்ரே அடிக்க நேர்ந்தால் கரடி எட்டு மீட்டர் தூரத்துக்குள் வரும்போது அடிக்கவேண்டும். அந்த எதிர்காற்று ஞாபகமிருக்கிறதா, அது அடிக்கும்போது மருந்து உங்கள் முகத்துக்கே திரும்பும், முடிந்தால் பக்கவாட்டில் நகர்ந்து நில்லுங்கள்.

மூஸ் மான் இனம்தான் என்றாலும் குதிரையைவிடப் பெரியது. மே, ஜூனில் குட்டியோடு நிற்கும் தாயிடம் நெருங்கவே கூடாது. பாதையை மறித்து நின்றால் காத்திருங்கள், அதற்கு அவசரமில்லை, உங்களுக்கும் இருக்கக்கூடாது.

மூன்றாவது ஆபத்தை யாரும் சொல்வதில்லை, கௌ பார்ஸ்னிப் என்கிற செடி. ஆள் உயரம் வளரும், பெரிய இலை, குடை விரித்த மாதிரி வெள்ளைப் பூ. பாதையோரம் எங்கும் இருக்கும். அதன் சாறு தோலில் பட்டு அதன்மேல் வெயிலும் பட்டால் தீப்புண் போலக் கொப்புளம் எழும். ஒதுங்கக் காட்டோரம் போகிறவர்கள், பூ அழகாக இருக்கிறதே என்று பறிக்கப் போகிறவர்கள் இரண்டு பேரும் கவனம்.

காரில் போய்ச் சேர்வது

ஆங்கரேஜிலிருந்து இந்தியன் அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். சூவர்ட் நெடுஞ்சாலையின் மைல் கற்கள் சூவர்ட் ஊரிலிருந்து எண்ணப்படுகின்றன, அதனால் நீங்கள் போகப் போக எண் குறையும். இந்தியன் 103, பேர்ட் க்ரீக் 101, பேர்ட் பாயின்ட் 96.5, கேர்ட்வுட் திருப்பம் 90. பகலிலும் முன்விளக்கு எரியவேண்டும். உங்கள் பின்னால் ஐந்து வண்டிகள் சேர்ந்துவிட்டால் ஒதுங்கி வழிவிடவேண்டும், இது சட்டம். இந்தப் பகுதியில் வேக மீறலுக்கு அபராதம் இரட்டிப்பு. மலையில் வெள்ளை ஆடு தெரிகிறது என்று சாலையோரத்தில் சட்டென்று நிறுத்துகிறவர்களால்தான் இங்கே பாதி வம்பு, டால் ஆடுகளைப் பார்க்க ஆசையிருந்தால் 106ஆம் மைல் பக்கம் விண்டி கார்னரில் ஒதுங்க இடம் இருக்கிறது, அங்கே நில்லுங்கள்.

வண்டி நிறுத்துமிடங்கள் பாதை நெடுகிலும் இருக்கின்றன, மாநிலப் பூங்காவைச் சேர்ந்தவற்றில் நாள் கட்டணம் உண்டு. குழந்தைகளோடு வருகிறவர்கள் இந்தியனில் தொடங்கவேண்டாம், நேரே பேர்ட் பாயின்டில் நிறுத்திவிட்டு கேர்ட்வுட் பக்கம் மட்டும் போய் வாருங்கள். இரண்டு கார் இருந்தால் ஒன்றை கேர்ட்வுட்டில் விட்டுவிட்டு ஒருவழிப் பயணமாகவும் முடிக்கலாம். ஆனால் முதுகில் காற்று வாங்கும் சுகம் போய்விடும்.

இந்தியனிலிருந்து பேர்ட் பாயின்ட் வரை

முதல் இரண்டு மைல் உடம்பைச் சூடாக்க மட்டும். நெடுஞ்சாலை அருகிலேயே இருப்பதால் வண்டிச் சத்தம் கேட்கும், பெரிதாக ஒன்றும் இல்லை. ஸ்ப்ரூஸ், பிர்ச் மரங்களுக்கு இடையே வளைந்து பேர்ட் க்ரீக் வந்து சேரும். ஆகஸ்டில் இந்தப் பாலத்தில் நின்று கீழே பாருங்கள், இடுப்பளவுத் தண்ணீரில் தோளோடு தோள் உரசிக்கொண்டு தூண்டில் போட்டு நிற்பார்கள், ஒருவர் நூல் இன்னொருவர் தொப்பியில் மாட்டும். மீன் கழிவு கிடக்கும் இடம் என்பதால் கரடியும் வரும். வேடிக்கையைச் சீக்கிரம் முடித்துக்கொள்ளுங்கள்.

பேர்ட் க்ரீக் தாண்டியதும் பாதை மலைப்பக்கம் ஏறத் தொடங்கும். ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். சின்ன கியருக்கு முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள், பாதி ஏற்றத்தில் அழுத்தத்தோடு மாற்றினால் செயின் கழன்றுவிடும். மரங்கள் விலகும் இடங்களில் கீழே நெடுஞ்சாலை, அதற்கும் கீழே ரயில் தண்டவாளம், அதற்கப்பால் சேறு, அதற்கும் அப்பால் எதிர்க்கரையில் கீனாய் மலைகள் என்று எல்லாம் கோடு போட்ட மாதிரி அடுக்காகத் தெரியும். இங்கே நின்று மூச்சு வாங்குவதற்கு யாரும் குறை சொல்லமாட்டார்கள். இறக்கத்தில் எதிரே நாயோடு நடப்பவர்கள் வருவார்கள், வலப்பக்கம் ஒட்டி ஓட்டுங்கள், முந்தும்போது குரல் கொடுங்கள்.

பேர்ட் பாயின்ட்: இங்கே அவசரப்படாதீர்கள்

கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை மூக்கு இது. மரப்பலகை நடைபாதை, தொலைநோக்கி, கழிப்பறை எல்லாம் இருக்கின்றன. சைக்கிளைப் பூட்டிவிட்டு, மேலாடையைப் போட்டுக்கொண்டு, மேற்குப் பக்கம் பார்த்து உட்காருங்கள். போர் வருவது முதலில் தெரியாது, கேட்கும். தூரத்தில் லாரி ஓடுகிற மாதிரி ஒரு இரைச்சல், அப்புறம் சேற்றின் மேல் ஒரு வெள்ளைக் கோடு. அந்தக் கோடு அசையாமல் இருப்பதுபோலவே இருந்து, சட்டென்று பக்கத்தில் வந்துவிடும்.

வேகம் மணிக்கு 10லிருந்து 15 மைல். நிதானமாக ஓட்டும் ஒரு சைக்கிளின் வேகம்தான். பெலூகா பாயின்டிலிருந்து இங்கே வர நெடுஞ்சாலைக் கணக்கில் 13.5 மைல், ஒரு மணி நேரம் எடுக்கிறது, நீங்களே வகுத்துப் பாருங்கள். இதைக் கணக்குப் போட்டதும் எனக்கு ஒரு புத்தி வந்தது, போரோடு போட்டி போட்டால் என்ன என்று. போட்டேன். ஐந்து நிமிடம் கூடவே வந்தது, அப்புறம் மரங்கள் மறைத்தன, மறுபடி திறந்த இடம் வந்தபோது அது எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. எதிர்காற்று என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். சேற்றில் இறங்காதீர்கள். பார்க்க ஈரக் கடற்கரை மாதிரி, நடக்கலாம் போலத் தோன்றும். அது பனியாறுகள் மலையை அரைத்துக் கொண்டுவந்த மாவு மாதிரியான வண்டல். கால் வைத்ததும் தளர்ந்து விலகும், நின்றதும் இறுகிப் பிடித்துக்கொள்ளும். பிடித்த காலை இழுக்க ஆள் வருவதற்குள் ஓதம் வந்துவிடும், அப்படி உயிர் போனவர்கள் உண்டு. படம் எடுக்க நாலு அடி இறங்குகிறேன் என்பதுகூட வேண்டாம்.

போர் போன பிறகும் உடனே கிளம்பாமல் அரை மணி நேரம் தண்ணீரையே பாருங்கள். ஆகஸ்ட் நடுவிலிருந்து, ஏறும் ஓதத்தோடு பெலூகாக்கள் சால்மனைத் துரத்தி உள்ளே வரும். முதுகில் துடுப்பு கிடையாது, எனவே துள்ளலை எதிர்பார்க்காதீர்கள், சாம்பல் தண்ணீரில் வெள்ளையாக ஏதோ உருண்டு மறையும், நுரையா திமிங்கலமா என்று சந்தேகம் வரும், அதே இடத்துக்குச் சற்று முன்னால் மறுபடி உருண்டால் திமிங்கலம். குக் இன்லெட்டின் பெலூகாக்கள் 1970களின் இறுதியில் சுமார் 1,300 இருந்தன, இப்போது முந்நூறு சொச்சம். 2008இல் அழிவின் விளிம்பில் உள்ளவை என்று பட்டியலில் சேர்த்தார்கள். ஒன்றாவது கண்ணில் பட்டால் அன்றைக்கு அதிர்ஷ்டம்.

பழைய நெடுஞ்சாலையின் மேல்

பேர்ட் பாயின்டிலிருந்து கேர்ட்வுட் வரையிலான பத்தரை கிலோமீட்டர்தான் இந்தப் பாதையின் நெஞ்சு. நீங்கள் ஓட்டுவது ஒருகாலத்தில் கார்களும் லாரிகளும் ஓடிய நெடுஞ்சாலையின் படுகை. மேலேயிருந்து பனி சரிந்து சரிந்து சாலையை மூடிக்கொண்டே இருந்ததால், 1990களின் இறுதியில் சாலையை மலையடியிலிருந்து நகர்த்தி, கடலோரம் மண் நிரப்பித் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டார்கள். மிச்சமிருந்த பழைய தடம் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் வந்தது. வண்டி ஏறுவதற்காகச் செதுக்கிய சரிவு என்பதால் முன்பகுதிபோல வெடுக் வெடுக் என்று ஏறாது, மிதிக்கத் தாளம் கிடைக்கும். சாலை கீழே தள்ளிப் போய்விட்டதால் சத்தமும் குறைவு.

இடது பக்கம் நிமிர்ந்து பார்த்தால் மலைச்சரிவில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகச் சில பட்டைகளில் பெரிய மரமே இருக்காது, குட்டையான ஆல்டர் புதர் மட்டும் பச்சையாக இருக்கும். பனிச்சரிவு வழக்கமாக இறங்கும் வழிகள் அவை. பெரிய மரம் வளர விடாமல் வருஷா வருஷம் உடைத்துக்கொண்டு போகும், வளைந்து கொடுக்கிற ஆல்டர் மட்டும் தப்பிக்கும். ஒரு சாலையை ஏன் இடம் மாற்றினார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான பலகை கிடையாது. கோடையில் இங்கே நிற்பதில் பயமில்லை, மழைக்குப் பிறகு சின்னக் கற்கள் பாதையில் உருண்டு கிடக்கலாம், முன்சக்கரத்தைப் பார்த்து ஓட்டுங்கள்.

கேர்ட்வுட்

கேர்ட்வுட் நெருங்கும்போது கடல் பக்கம் வெளிறிய, இலையில்லாத மரத் தண்டுகள் எலும்பு மாதிரி நிற்பதைப் பார்ப்பீர்கள். 1964 மார்ச் 27 அன்று வந்த 9.2 அளவு நிலநடுக்கத்தில் இந்தக் கரையோர நிலம் சுமார் 2 மீட்டர் இறங்கிவிட்டது. வேருக்கு உப்புத் தண்ணீர் வந்ததும் மரங்கள் நின்ற இடத்திலேயே செத்தன, ஆனால் அதே உப்புதான் அவற்றை மக்கவிடாமல் இத்தனை வருஷம் நிற்க வைத்திருக்கிறது. ஓதம் ஏறினால் ஊருக்குள் தண்ணீர் என்றாகிவிட, பழைய கேர்ட்வுட்டைக் கைவிட்டு இரண்டரை மைல் உள்ளே பள்ளத்தாக்கில் புதிதாகக் கட்டிக்கொண்டார்கள். ஊர் பெயர் இங்கே தங்கச் சுரங்க உரிமை வாங்கிய ஜேம்ஸ் கேர்ட்வுட் என்ற லினன் துணி வியாபாரியுடையது.

அதனால்தான் நெடுஞ்சாலைத் திருப்பத்தை அடைந்ததும் ஊர் வந்துவிட்டது என்று நினைத்து ஏமாறுகிறார்கள். அங்கே கொஞ்சம் கடைகள், எரிபொருள் நிலையம், அவ்வளவுதான். ஊரும் அலியெஸ்கா பனிச்சறுக்கு விடுதியும் இன்னும் 3 மைல் உள்ளே, சாலையோரமாக அதற்கும் சைக்கிள் பாதை இருக்கிறது, மெல்லிய ஏற்றம். நேரம் இருந்தால் போய்ச் சாப்பிட்டு வாருங்கள். இல்லையென்றால் திருப்பத்திலேயே தண்ணீர் நிரப்பிக்கொண்டு திரும்பலாம். மொத்தக் கணக்கு: ஊருக்குள் போகாமல் 42 கிலோமீட்டர், போனால் 52க்குப் பக்கம். சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் வைத்தால் ஓதம் நிறையும் நேரமும் சரியாக வரும்.

திரும்பி வருதல்

காற்று சொன்னபடி நடந்துகொண்டால் இது பாதி உழைப்பு. நடந்துகொள்ளவில்லை என்றால் இந்தப் பழி என்மேல் வேண்டாம், ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். முதுகில் காற்றுத் தள்ளும்போது வேகம் தெரியாமல் ஏறிவிடும். காலையில் ஏற்றமாக வியர்க்க வைத்த இடமெல்லாம் இப்போது இறக்கம், வளைவுக்கு அந்தப் பக்கம் குழந்தையோ கரடியோ இருக்கலாம் என்ற நினைப்போடு இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டு அழுத்துங்கள், ஈரத்தில் முன் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடிக்கவேண்டாம்.

பேர்ட் பாயின்டில் மறுபடியும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். காலையில் சேறு மின்னிய இடத்தில் இப்போது பாறை விளிம்பு வரை தண்ணீர். போருக்காக வந்த கூட்டம் கலைந்திருக்கும். நிறைந்த ஓதத்தில்தான் திமிங்கலம் கரைக்கு அருகே வர வாய்ப்பு அதிகம், காலையில் ஏமாந்தவர்கள் இங்கே ஈடுகட்டிக்கொள்ளலாம்.

காலையில் தாமதமாகி போரையே தவறவிட்டிருந்தால், பேர்ட் க்ரீக் ஆற்றோரம் கூடாரமடிக்க இடம் இருக்கிறது. இரவு அங்கே தங்கிக்கொண்டு, சாப்பாட்டையெல்லாம் கரடிக்கு எட்டாத பெட்டியிலோ காருக்குள்ளோ பூட்டிவிட்டுத் தூங்குங்கள். மறுநாள் காலை போர் சுமார் 50 நிமிடம் தாமதமாக வரும்.